மலாயாத் தமிழரும் பள்ளித் தெரிவும்

பிறந்த மண்ணை விட்டு வேற்று நாட்டில் பிழைக்கச் சென்ற குடும்பம் எதுவாயினும், அதன் முன் ஒரு வினா எழுந்தே தீரும். பிள்ளையைத் தாய்மொழிப் பள்ளிக்கு அனுப்புவதா, அந்நாட்டில் முன்னேற்றத்திற்கு வழி எனக் கருதப்படும் வேற்றுமொழிப் பள்ளிக்கு அனுப்புவதா என்பதே அவ்வினா. ஊர் திரும்பும் எண்ணம் உடையோர் ஒரு விடையையும், வந்த இடத்திலேயே வேரூன்ற நினைப்போர் மற்றொரு விடையையும் கூறுவர். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த தமிழ்ப் பெற்றோர் கூறிய விடைகள், இவ்விரு நாடுகளிலும் தமிழ்க்கல்வியின் போக்கைப் பெரிதும் உருவாக்கின எனலாம்.

மலாயாவில் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கூறப்படுவது, 1816ஆம் ஆண்டில் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் நடைபெற்ற தமிழ் வகுப்பாகும். அவ்வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. தோட்டங்கள் பெருகித் தொழிலாளர் குடும்பத்தோடு வந்து தங்கத் தொடங்கிய பின்னரே தமிழ்ப்பள்ளிகள் பரவலாயின. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஐக்கிய மலாய் மாநிலங்களில் 7 வயது முதல் 14 வயதுக்கு உட்பட்ட ஒரே இனப் பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்கள் பள்ளி நடத்தவேண்டும் எனப் பணித்தது.

சட்டத்தால் பள்ளிகள் தோன்றின. ஆயினும் அவற்றின் தரம் உயர்ந்துவிடவில்லை. பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ ஓய்வு நேரத்தில் ஆசிரியராக இருந்தார். பாடநூல்கள் தமிழகத்திலிருந்தே வந்தன. காவிரியைப் பற்றிப் படித்த பிள்ளைக்குத் தன் வீட்டருகே ஓடும் பேராக் ஆற்றைப் பற்றிப் படிக்கும் வாய்ப்பு அரிதாயிருந்தது. தொடக்கக் கல்விக்கு மேல் தமிழில் கற்க வழியில்லை. தோட்டத் தொழிலாளர் ஒருநாள் ஊர் திரும்புவோரே என்ற ஆட்சியாளரின் கருத்து இந்நிலைக்கு ஒரு காரணமாகும்.

ஈண்டு ஓர் உண்மையை மனத்திற்கொள்ள வேண்டும். விடியுமுன் பிரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போகும் தாய்தந்தையர்க்குப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெயரளவிலேதான் இருந்தது. ஆங்கிலப் பள்ளிகள் பட்டணத்தில் இருந்தன. அவற்றுக்குக் கட்டணமும் செலுத்தவேண்டும். அன்றைய நாட்கூலியில் அது இயலாத செயல். எனவே, தோட்டப் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் பயின்றதற்கு மொழிப்பற்றை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. தூரமும் வறுமையுமே பெரும்பாலும் அதனை முடிவு செய்தன.

பட்டணத்தில் நிலைமை வேறு. ஆங்கிலம் கற்று, ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணியாற்ற வந்த யாழ்ப்பாணத் தமிழரும் பிறரும், தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளில் சேர்த்தனர். அவருள் பலர் தமிழைக் கைவிட்டாரல்லர். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் 1904ஆம் ஆண்டில் தோன்றிய விவேகானந்தா ஆசிரமம் தமிழ்க்கல்விக்கும் இடமளித்தது. எனினும், பதவிக்கு ஆங்கிலம், பண்பாட்டுக்குத் தமிழ் என்ற பிரிவு அக்காலத்திலேயே வேர்விட்டது. ஒரே மொழி பேசிய மக்கள், பள்ளியால் இரு பிரிவினராயினர்.

1930ஆம் ஆண்டையொட்டிய பொருளாதார மந்தத்தில் தொழிலாளர் பெருந்தொகையாக ஊருக்கு அனுப்பப்பட்டனர். 1938ஆம் ஆண்டில் உடலுழைப்புத் தொழிலாளர் உதவி பெற்றுக் குடியேறுவதை இந்திய அரசு தடை செய்தது. பின்னர்ப் போர் வந்தது. 1957ஆம் ஆண்டில் மலாயா விடுதலை பெற்றபோது, எஞ்சியிருந்தோருள் பலர்க்கு இதுவே தாயகமாயிற்று. அவ்வாண்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை அவற்றைத் தேசியக் கல்வி முறைக்குள் கொணர்ந்தது. ஆயினும் அது தொடக்கநிலை அளவிலேதான். தமிழ்ப்பள்ளியில் முடித்த மாணவர் பலர், இடைநிலைப் பள்ளியின் மொழியைக் கற்கப் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கூடுதலாகச் செலவிட்டனர். அந்த ஓராண்டை எண்ணியே ஆங்கிலப் பள்ளியை நாடிய பெற்றோரும் உண்டு.

1970ஆம் ஆண்டு முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாகத் தேசியமொழிக்கு மாறின. அப்போது வினாவும் வடிவம் மாறி, தமிழ்ப்பள்ளியா, தேசியப் பள்ளியா என்றாயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தும் போனமையால் பள்ளிகள் குறைந்து, இன்று 520க்கு மேற்பட்டவை உள்ளன.

சிங்கப்பூர் இவ்வரலாற்றின் மற்றொரு முடிவைக் காட்டுகிறது. கடையநல்லூர் முஸ்லிம் மக்கள் 1946ஆம் ஆண்டில் நிறுவிய பள்ளி, உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. ஆனால், ஆங்கிலமே வேலைக்குரிய மொழி என்றான பின் பெற்றோர் அதன் வாயிலை விட்டு விலகினர். 1982ஆம் ஆண்டில் அப்பள்ளி மூடப்பட்டதோடு, அந்நாட்டில் தமிழ்வழிப் பள்ளிகளின் காலம் முடிந்தது. ஆயினும் தமிழ் முடியவில்லை. ஆங்கிலப் பள்ளிகளில் அது பாடமொழியாக நின்றது. 1983ஆம் ஆண்டில் உமறுப்புலவர் பெயராலேயே ஒரு தமிழ்மொழி நிலையம் தோன்றியது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? தமிழும் பிள்ளையின் வாழ்வும் இருவேறு பாதைகளில் சென்றபோது, வசதியுடைய பெற்றோர் பலர் வாழ்வின் பாதையைத் தேர்ந்தனர். அவரைப் பழித்துப் பயனில்லை. இரண்டும் ஒரே பாதையில் சென்ற இடங்களில் அவர் தமிழை விடவில்லை. ஆகவே, பாதை தொடர்கிறதா என்பதைக் காண்பதே தமிழாசிரியரின் முதற்கடன்.

தமிழ்ப்பள்ளி அல்லாத பள்ளிகளிலும், 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்பின் தாய்மொழி வகுப்பு நடத்த 1961ஆம் ஆண்டு மலேசியக் கல்விச் சட்டமே இடமளித்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வழியை விட்டுவைத்தது. கேட்பதற்குப் பெற்றோர் முன்வர வேண்டும். அவர் கேட்கத் துணியும் வண்ணம் கற்பிக்க ஆசிரியர் முன்வர வேண்டும். முன்னோர் பலர்க்குத் தூரமும் வறுமையும் மறுத்த தெரிவு, இன்று பெற்றோர் கையில் இருக்கிறது.