துறைமுகமும் குடமும்

திருகோணமலையின் சரித்திரம் பெரும்பாலும் கடலை நோக்கி நின்றே எழுதப்பட்டிருக்கிறது. 1624இல் போர்த்துக்கேயர் அங்கே கோட்டை கட்டினர். பின்னர் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. 1782ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் அதனைப் பறித்துக்கொண்டார். 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர். ஏன் இத்தனை போட்டி? பெருங்கப்பல்களும் அச்சமின்றி நுழையத்தக்க ஆழம் அத்துறைமுகத்துக்கு உண்டு என்பது பாடநூல் தரும் விடை. விடை சரியானதே. ஆனால், அந்த ஆழத்தின் கரையில் குடியிருந்த மீனவனும் கூலியாளும் எந்தத் தண்ணீரைக் குடித்தனர் என்ற வினாவை எந்த மாணவனும் பரீட்சையில் எதிர்கொண்டதில்லை. கப்பலின் கணக்கு உண்டு. குடத்தின் கணக்கு இல்லை.

அந்தக் கணக்கைத் தொடங்க வேண்டுமாயின் நிலத்திலிருந்து தொடங்க வேண்டும். கரையோர மணலில் இறங்கும் மழைநீர், அடியில் நிற்கும் கனமான உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட விதி. மேலே ஓரடி இறைத்துத் தீர்த்தால் கீழே நாற்பதடி இழக்க நேரும். அளவுக்கு மிஞ்சி இறைக்கும் கிணறு கடலைத் தன் வீட்டுக்கு அழைக்கிறது.

கடல் வந்தால் உப்பு மட்டுமா வருகிறது? கல்சியமும் மகனீசியமும் கூடவே வருகின்றன. நீரின் வன்மை என்று நாம் சொல்வது இவ்விரண்டினாலும் உண்டாவது. கடல்நீரின் மொத்த வன்மை, கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டால், லீற்றருக்கு ஆறாயிரம் மில்லிகிராமுக்கு மேல். இலங்கைத் தர நியமம் குடிநீருக்கு விதித்துள்ள எல்லையோ 250. ஆகவே, கிணற்று நீரில் இருபதில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே எல்லை கடந்துவிடும். நீர் தான் நடந்துவந்த வழியின் கதையைத் தன்னுள் கரைத்துக்கொண்டு வருகிறது. கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகள் பூமியின் ஆழத்து வெப்பத்தைச் சொல்கின்றன. யாழ்ப்பாணத்துக் கிணறு சுண்ணாம்புக் கல்லைச் சொல்கிறது. கடற்கரைக் கிணறு கடலைச் சொல்கிறது.

இக்கதையை முதலிற் படித்தவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். சவர்க்காரம் நுரைக்காமல் வெண்கசடாய்த் திரள்வதையும், பருப்பு வேக மறுப்பதையும், கேத்திலின் அடியில் வெண்படிவம் ஏறுவதையும் நம் தாய்மாரின் கைகள் நெடுங்காலமாய் அறிந்திருந்தன. அந்த அறிவை எவரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. 1841இல் அபர்டீன் பேராசிரியர் தோமஸ் கிளார்க், சுண்ணாம்பு சேர்த்து வன்னீரை மென்னீராக்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். வன்மையைச் சவர்க்காரக் கரைசலால் அளக்கும் முறையையும் அவர் வகுத்தார். ஒரு கலன் நீரில் ஒரு கிறெயின் கல்சியம் காபனேற்று இருப்பின் அது ஒரு பாகை. சலவைக்காரியின் அனுபவம் பேராசிரியரின் அளவுகோலாயிற்று.

அது நீராவியின் யுகம். கொதிகலனின் உட்சுவரில் வன்னீர் படிவிக்கும் ஓடு வெப்பத்தைத் தடுக்கும், நிலக்கரியை விழுங்கும், கொதிகலனையே வெடிக்கவும் செய்யும். ஆகவே ஆலை முதலாளிக்கும் கடற்படைக்கும் நீரின் வன்மை பணத்தின் கேள்வியாயிற்று. குடிசையின் கேத்தில் வெடிக்காது; ஆகையால் அதன் படிவத்தை எவரும் அளக்கவில்லை. ஏகாதிபத்தியத்தின் அக்கறை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் திருகோணமலையின் மதிப்பு இன்னும் உயர்ந்தது. ஏப்ரில் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. சீனன்குடாவில் கடற்படைக்கென எழுப்பப்பட்ட 99 எண்ணெய்த் தாங்கிகளைச் சரித்திரம் ஒவ்வொன்றாய் எண்ணி வைத்திருக்கிறது. ஊர்க் கிணறுகளை எண்ணியவர் யார்? 1957 ஒக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. கொடி மாறியது. குடத்தோடு நடந்த பெண்ணின் வழி அன்றைக்கே குறுகிவிடவில்லை.

இன்று நகரின் குழாய்களில் வரும் நீர் ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள கந்தளாய்க் குளத்தினது. 1975இல் செயற்படத் தொடங்கிய தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பில் அது சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. அக்குளத்தைக் கட்டியவன் குளக்கோட்டன் என்கிறது கோணேசர் கல்வெட்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி என்பது சூளவம்ச வழி வந்த கருத்து. இரு மரபும் தத்தம் மன்னனுக்குப் புகழ் சேர்க்கின்றன. கூடையில் மண் சுமந்தோரின் பெயர் இரண்டிலும் இல்லை. குளமோ குடிப்பவனின் மொழியைக் கேட்பதில்லை. 1986 ஏப்ரில் 20ஆந் திகதி அதன் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது வெள்ளமும் இனம் பார்க்கவில்லை. 2006 ஜூலையில் இதே மாவட்டத்தின் மாவிலாற்று அணைக்கதவுகள் மூடப்பட்டமை பெரும்போரின் தொடக்கமாயிற்று. அப்போதும் முதலில் வாடியது உழவனின் வயலே.

குளத்து நீர் மழையாலும் ஆற்றாலும் நிரம்புவது. பெரும்பாலும் கடற்கரைக் கிணற்றைவிட மென்மையானது. ஆனால் குழாய் செல்லாத வீட்டுக்கும், குழாய் வற்றும் நாளுக்கும் கிணறே கதி. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கிழக்குக் கரையின் கிணறுகளுள் புகுந்தது. உப்பை நீக்கும் நல்லெண்ணத்தோடு திரும்பத் திரும்ப இறைத்தபோது சில இடங்களில் அடியிலிருந்த உவர்நீரே மேலேறியது. மாரிமழைதான் மெல்ல மெல்லக் கழுவிற்று. அறிவின்றி ஆற்றும் தொண்டும் தீங்காகலாம் என்பதற்கு அது பாடம்.

ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். வன்மை தன்னளவில் நஞ்சன்று. உலக சுகாதார நிறுவனம் உடல்நலம் கருதி அதற்கென எல்லை எதனையும் விதிக்கவில்லை. தெளிந்து, இனித்து, கண்ணுக்கு நல்லதாய்த் தோன்றும் நீரிலேதான் கொடிய கிருமி இருக்கக்கூடும். 1854இல் லண்டனில் வாந்திபேதி பரவியபோது, ஒரு தெருக் குழாயின் நீரே காரணம் என்று மருத்துவர் ஜோன் ஸ்னோ காட்டினார். மாண்டோரின் வீடுகளை அவர் ஒவ்வொன்றாய்க் கணக்கெடுத்தார்; அந்தக் கணக்கே ஆயுதமாயிற்று. நாவின் சுவை போதாது, அளவு வேண்டும். அந்த அளவு அலுவலகக் கோப்பினுள் உறங்காமல், எந்தத் தெருவில் எந்த மாதத்தில் எவ்வளவு என்று மக்கள் படிக்கும் பலகையில் இருக்க வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, கிளார்க்கின் சோதனைக்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டுவதில்லை. ஒரு குப்பி, அளவறிந்த சவர்க்காரக் கரைசல், ஐந்து நிமிடம் நிலைக்கும் நுரை, பொறுமையுள்ள மாணவர் நால்வர்: இவை போதும். கிருமியை அது காட்டாது. அதற்கு ஆய்வுகூடம் வேண்டுமென்று கேட்கும் துணிவை அது தரும். தமிழ், சிங்கள, முஸ்லிம் ஊர்களின் பிள்ளைகள் தத்தம் கிணற்றை அளந்து ஒரே தாளில் எழுதட்டும். துறைமுகத்தின் ஆழத்தை அந்நியர் அளந்து சென்றார்கள். கிணற்றின் நீரை நாம்தான் அளக்க வேண்டும்.