தேறலும் தேறுதலும்

புறநானூற்றின் 56ஆம் பாடலை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தோம். பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் பாடல் அது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமிக்க தேறலை மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தி ஊட்ட, மன்னன் மகிழ்ந்திருக்க வேண்டும் என்கிறார் புலவர். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாடுகளின் இருகைப்பிடிச் சாடிகள் உடைந்த ஓடுகளாகக் கிடைத்ததையும் சொல்லிச் சற்றே பெருமிதத்தோடு நிறுத்தினோம்.

கடைசி இருக்கையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "ஐயா, நம் நாட்டிலேயே கள் இருந்ததே. அரசனுக்கு ஏன் யவனர் சரக்கு? சுவையாக இருந்ததாலா, யவனருடையது என்பதாலா?"

வகுப்பு சிரித்தது. நமக்கு மறுமொழி எழவில்லை. மது அருந்தும் வழக்கம் நமக்கு இல்லை. எனினும் அவ்வினா நம்மை விடவில்லை. நாவு மதிப்பிடுகிறதா, பெயர் மதிப்பிடுகிறதா? இதே வினாவைப் பாரிசு நகரில் 1976ஆம் ஆண்டு ஒரு நாள் பிற்பகலில் நேருக்கு நேராகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவ்வரலாற்றை வாசக நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரெஞ்சு நாட்டின் பெரிய உணவகங்களில் 'சொமெலியே' என்றொரு பதவி உண்டு. நிலவறையில் ஒயின் புட்டிகளைக் காப்பதும், சுவைத்துத் தரம் காண்பதும், இன்ன உணவுக்கு இன்ன ஒயின் என்று விருந்தினருக்குப் பரிந்துரைப்பதும் அவர் பணி. சொல்லின் வேரோ சுமை விலங்கு! அரச பரிவாரத்தின் பொதிகளைச் சுமக்கும் விலங்குகளுக்குப் பொறுப்பாளராய் இருந்தவரே, காலப்போக்கில் உணவுக்கும் மதுவுக்கும் பொறுப்பாளராக உயர்ந்தார்.

சிவப்பு ஒயினை அவர் சுவைக்கும் முறை ஒரு சடங்கு போன்றது. முதலில் வெள்ளைத் துணிக்கு எதிரே கிண்ணத்தைச் சாய்த்து நிறம் காண்பார். இளம் ஒயினின் விளிம்பு கத்தரிப்பூ நிறம். முதிர முதிரச் செங்கல் நிறம். பின் கிண்ணத்தைச் சுழற்றி மணம் நுகர்வார். ஒரு மிடறு வாயில் உருட்டுவார். பல ஒயின்களைச் சோதிக்கும் நாளானால் உமிழ்ந்துவிடுவார்.

சிவப்பு ஒயினுக்கு உயிர் துவர்ப்பு. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்னும் பொருள் அதைத் தருகிறது. அது உமிழ்நீரின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் நா வறண்டு இறுகுகிறது. இன்றைய உடலியலார் பலர் துவர்ப்பைச் சுவையாகக் கொள்ளாது தொடுவுணர்ச்சி என்பர். நாமோ அதை அறுசுவையுள் ஒன்றாக வைத்தோம். கொழுப்பும் புரதமும் நிறைந்த இறைச்சி வாயிலிருக்கையில் டானின் அவற்றைப் பற்றுவதால் துவர்ப்பு தணிகிறது. போர்தோ வட்டாரத்தில் சிவப்பு ஒயினோடு ஆட்டுக்குட்டி இறைச்சியைப் பரிமாறும் வழக்கத்தின் பின்னே உள்ள பொருத்தம் இதுதான். மீனுக்குச் சிவப்பு ஒயின் ஆகாது என்ற பழைய விதிக்கும் காரணம் உண்டு. ஒயினிலுள்ள இரும்புச்சத்து கடலுணவோடு சேர்கையில் கவிச்சு வாடையை மிகுவிக்கிறது என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர். பன்னெடுங்கால அனுபவம் சொன்னதை வேதியியல் பின்னர் வந்து வழிமொழிந்தது.

இத்துணை நுட்பமான நாவுகள் பெயர் தெரியாதபோது என்ன செய்தன என்பதே நம் கதை.

பாரிசில் ஒயின் கடையும் ஒயின் பள்ளியும் நடத்திய ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர், அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டையொட்டி, தம் துணைவராகப் பணியாற்றிய பட்ரீசியா கல்லகருடன் சேர்ந்து 1976 மே 24 அன்று ஒரு சுவைத்தேர்வு நடத்தினார். நடுவர் ஒன்பதின்மரும் பிரெஞ்சுக்காரர். அவர்களுள் ஒருவர் தூர் தார்ஜான் உணவகத்தின் தலைமைச் சொமெலியே கிறிஸ்தியான் வானெக்கே. அவ்வுணவகம் தான் பரிமாறும் ஒவ்வொரு வாத்துக்கும் 1890 முதல் எண்ணிட்டு வரும் பழம்பெருமை வாய்ந்தது. ரொமானே கோந்தியின் ஓபேர் த விலேன், புகழ்பெற்ற ஒயின் இதழொன்றின் ஆசிரியர் ஓதெத் கான் ஆகியோரும் நடுவருள் அடங்குவர்.

சிவப்பில் பத்து ஒயின்கள்: கலிபோர்னியாவினுடையவை ஆறு, போர்தோவினுடையவை நான்கு. பெயர்கள் மறைக்கப்பட்டன. மதிப்பெண் 20க்கு. வெள்ளை ஒயின்களின் சுற்று முதலில் நடந்தது; அதில் கலிபோர்னியா வென்றது என்ற முடிவும் சிவப்புச் சுற்றுக்கு முன்பே அறிவிக்கப்பட்டுவிட்டது. எனவே நடுவர்கள் விழிப்போடுதான் அமர்ந்தனர். இம்முறை அமெரிக்கச் சரக்கை இனங்கண்டுவிடலாம் என்று நம்பினர்.

முதலிடம் பெற்றது கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸின் 1973ஆம் ஆண்டு ஒயின். அதைச் செய்தவர் வாரன் வினியார்ஸ்கி. சிகாகோ பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராயிருந்து, 1964இல் அவ்வேலையை விட்டு நாபாவுக்குக் குடிபெயர்ந்தவர். கொடிகள் நடப்பட்டது 1970இல். அறுவடையின்போது அவற்றுக்கு வயது மூன்றே. இரண்டாமிடம் ஷாத்தோ மூத்தோன் ரோத்ஷில்டின் 1970ஆம் ஆண்டு ஒயினுக்கு. போர்தோவில் 1855இல் வகுக்கப்பட்ட தரவரிசையில் மூத்தோன் அதே 1973இல்தான் இரண்டாம் நிலையிலிருந்து முதல் நிலைக்கு உயர்த்தப்பட்டிருந்தது. அந்த ஏற்றத்துக்கு அது காத்திருந்தது 118 ஆண்டுகள்!

முடிவு வெளியானதும் ஓதெத் கான் தம் மதிப்பெண் தாளைத் திருப்பித் தருமாறு கேட்டார், ஸ்பரியர் மறுத்தார். அங்கிருந்த ஒரே செய்தியாளர், டைம் இதழின் ஜார்ஜ் டேபர், எழுதிய சிறு செய்தியால் உலகம் அதை அறிந்தது. பிரெஞ்சு ஒயின்கள் முதிர்ந்தால்தான் சிறக்கும் என்று அந்நாட்டார் வாதிட்டனர். அதே சிவப்பு ஒயின்கள் 30 ஆண்டு முதிர்ந்தபின் 2006இல் மீண்டும் சோதிக்கப்பட்டன. முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே கிடைத்தன.

இதனால் நாவே இறுதி நீதிபதி என்று முடிவு கட்டலாமா? அதுவும் பிழை. வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்பு நிறமியைக் கலந்து போர்தோவில் ஒயின் கலை பயிலும் மாணவர் 54 பேரிடம் கொடுத்தபோது, அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதை வருணித்தனர் என்கிறது 2001இல் வெளியான ஓர் ஆய்வு. கண் கண்டதை நாவு வழிமொழிந்துவிட்டது. ஒரே புட்டியின் ஒயினை நடுவர்களுக்கே தெரியாமல் மும்முறை கொடுத்துப் பார்த்தார் ராபர்ட் ஹாட்ஜ்சன். ஏறத்தாழ பத்தில் ஒருவரே ஒத்த மதிப்பை அளித்தார் என்று 2008இல் அவர் எழுதினார். பாரிசுத் தேர்விலும் முதலிரு ஒயின்களின் இடைவெளி மயிரிழையே. நாவும் தடுமாறும், பெயரைக் கண்டால் தடுமாறுவதே தெரியாமல் தடுமாறும்.

இங்கே நம் குற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வுத்தாளில் டம்மி எண் உண்டு. கல்லூரி அகமதிப்பீட்டில் பெயர் அப்படியே தெரியும். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கட்டிலிருந்த விடைத்தாள்களின் முகப்புத்தாள்கள் கழன்றுவிட்டதால் பெயரறியாமலே திருத்தினோம். மிகச் சிறந்ததென நாம் கருதிய தாள், ஒன்றுக்கும் உதவாதவர் என நாம் எண்ணியிருந்த ஒரு மாணவருடையது. பெயர் தெரிந்ததும் நாம் செய்ததென்ன? அந்தத் தாளை மட்டும் மறுபடி எடுத்துப் பிழை தேடினோம். மூன்று மதிப்பெண்களைக் குறைத்தோம். ஓதெத் கான் கேட்டது அவருக்குக் கிடைக்கவில்லை. நமக்கோ தாள் நம் கையிலேயே இருந்தது. அம்மாணவரிடம் இதை நாம் சொன்னதில்லை.

தேறல் என்றால் தெளிந்த கள். தேறுதல் என்றால் தெளிதல். ஆராய்ந்து நம்புதலும் அதுவே. கலங்கல் அடியில் தங்கும்வரை பொறுத்திருந்து வடிப்பவனுக்கே தேறல் கிடைக்கும். மதிப்பீட்டில் அந்தக் கலங்கல் பெயர்தான் போலும்.

அடுத்த வாரம் வகுப்பில் அம்மாணவருக்கு விடை சொன்னோம்: "யவனர் கலத்தையும் நம்மூர்க் கலத்தையும் பெயர் மறைத்துப் பாண்டியன் முன் எவரும் வைத்ததாகப் பாடல் இல்லை. வைத்திருந்தால்தான் உம் வினாவுக்கு விடை கிடைத்திருக்கும்." அன்று முதல் அகமதிப்பீட்டுத் தாள்களின் முகப்பை மடித்து ஊசி குத்தித் தருமாறு மாணவர்களிடம் சொல்லி வருகிறோம். திருத்தி முடிக்கும்வரை ஊசியை எடுப்பதில்லை. எடுத்தபின் எண்ணை மாற்றுவதுமில்லை.