எட்டுக் குரலும் பன்னிரண்டு கருவியும்

சாவித்திரி யமனோடு வாதாடிக் கணவனின் உயிரை மீட்ட கதை தமிழர்க்குப் புதிதன்று. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகத்தால் ஊர்தோறும் விடிய விடியக் கேட்கப்பட்ட கதை அது. அதே கதையை 1908ஆம் ஆண்டளவில், லண்டனில் பெண்கள் பள்ளியொன்றில் இசை பயிற்றுவித்து வந்த குஸ்தவ் ஹோல்ஸ்ட் என்பார் ஓபராவாக இயற்றினார். வடமொழி கற்று, ரிக் வேதப் பாடல்களைத் தாமே ஆங்கிலமாக்கி இசையமைத்தவர் அவர். அதற்கு முன்பு சீதையின் கதையை, ஜெர்மானிய மேதை வாக்னரின் வழியைப் பின்பற்றிப் பேரளவில் எழுதப் பல ஆண்டுகள் உழைத்திருந்தார். அது அவர் வாழ்நாளில் மேடை காணவில்லை. 'சாவித்திரி'யோ மூன்றே பாத்திரங்களும், மறைவில் நின்று பாடும் ஒரு குழுவும், பன்னிரண்டு கருவிகளும் கொண்டது. அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். திறந்தவெளியிலும் நடத்தலாம் என்பது ஆசிரியரின் குறிப்பு. யமனின் குரல் எந்தப் பக்கவாத்தியமும் இன்றித் தனித்து ஒலிப்பதோடு அது தொடங்குகிறது. 1916இல் லண்டனில் அரங்கேறியது.

பெரியது பெட்டியில் கிடக்க, சிறியது மேடையேறிய இந்நிகழ்ச்சி பின்னால் வந்த ஒரு வரலாற்றுக்கு முன்னோட்டம் போல அமைந்துவிட்டது.

ஓபரா அரண்மனைகளிலும் செல்வர் மாளிகைகளிலும் வளர்ந்த கலை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அது எழுபது, எண்பது வாத்தியக்காரரையும், அதே அளவு கூட்டுப் பாடகரையும், பெரிய அரங்கையும் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஓரிரவுக்கு ஆகும் செலவே ஒரு செல்வத்தை விழுங்கும் என்னும்போது, பெயரறியாத ஒருவரின் புதிய படைப்பை மேடையேற்ற எந்த அரங்க முதலாளி துணிவார்? வெர்டியையும் புச்சினியையும் மறுபடி மறுபடி நடத்துவதே அவருக்குப் பாதுகாப்பு. இவ்வாறு புதிய ஓபரா எழுதுவோர் குறைந்ததற்குக் கற்பனை வறட்சியைக் காட்டிலும் கணக்குப் புத்தகமே காரணம் எனலாம்.

1945ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், ஐரோப்பியப் போர் ஓய்ந்து ஒரு மாதம் ஆன நிலையில், லண்டனின் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் 'பீட்டர் கிரைம்ஸ்' என்னும் புதிய ஓபரா அரங்கேறியது. இயற்றியவர் முப்பத்தொரு வயதான பெஞ்சமின் பிரிட்டென். கடலோர ஊர் ஒன்றின் மீனவனைப் பற்றிய அப்படைப்பு பெரும் வெற்றி பெற்றது. ஆயினும் அரங்கக் குழுவுக்குள்ளேயே அதற்கு எதிர்ப்பு மூண்டிருந்தது. இசை புரியவில்லை என்றனர் சிலர். தலைமைப் பாத்திரங்களைப் பங்கிட்டதில் சலுகை நடந்தது என்றனர் வேறு சிலர். பிரிட்டெனும், பாடகர் பீட்டர் பியர்ஸும், பாடகி ஜோன் கிராஸும், இயக்குநர் எரிக் குரோசியரும் அங்கிருந்து வெளியேறினர். கைதட்டல் ஓயுமுன்னே வீடிழந்த நிலை அது.

வெளியே வந்தவர்களிடம் அரங்கு இல்லை, பணம் இல்லை. போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் உடை தைக்கும் துணிக்கும் பங்கீட்டு முறை இருந்தது. ஆகவே அடுத்த ஓபராவை எழுதத் தொடங்கும்போதே தலைகளை எண்ணிக்கொண்டு தொடங்க வேண்டியதாயிற்று. பாடகர் எண்மர், வாத்தியக்காரர் பன்னிருவர். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன், கொம்பு ஆகியவை ஒவ்வொன்று, யாழை ஒத்த ஹார்ப் ஒன்று, தாளக் கருவிகளுக்கு ஒருவர், வில்வாத்தியங்கள் ஐந்து. பியானோவை நடத்துநரே வாசித்துக்கொள்ள வேண்டும். இந்த அளவுக்குள் எழுதப்பட்டதே 'லுக்ரீஷியாவின் மானபங்கம்'. பிரெஞ்சு நாடகாசிரியர் ஆந்த்ரே ஒபேயின் நாடகத்தைத் தழுவி ரொனால்டு டங்கன் பாடல் யாத்தார். 1946 ஜூலை 12இல் கிளைண்ட்போர்னில் அது அரங்கேறியபோது லுக்ரீஷியாவாகப் பாடிய கேத்லீன் ஃபெரியருக்கு அதுவே முதல் ஓபரா.

குறைவு எவ்வாறு நடையாகிறது என்பதை இப்படைப்பில் கண்கூடாகக் காணலாம். பெரிய இசைக்குழுவில் பதினாறு வயலின்களுள் ஒன்று தடுமாறினால் எவரும் அறியார். இங்கோ ஒவ்வொருவரும் தனி வித்வான். ரோமாபுரிக்கு வெளியே படைவீரர் கூடாரமிட்டிருக்கும் புழுக்கமான இரவைக் காட்ட ஹார்ப்பின் நரம்புகள் சிள்வண்டுகளாகின்றன. டபுள் பாஸ் தவளைகளாகின்றது. ஓர் ஊர் மக்களாக நிற்க வேண்டிய கூட்டுப் பாடகருக்குப் பதில் ஆடவர் ஒருவரும் பெண் ஒருவரும் மேடையின் இருபுறமும் இருந்து கதை சொல்கின்றனர். பாத்திரங்களின் மனத்தையும் பேசுகின்றனர். தெருக்கூத்தின் கட்டியக்காரனை அறிந்தவர்க்கு இவ்வுத்தி விளங்குவது எளிது. கட்டியக்காரனின் கேலி மட்டும் இவர்களிடம் இல்லை.

கலை வென்றது, கணக்கு தோற்றது. கிளைண்ட்போர்ன் உரிமையாளர் ஜான் கிறிஸ்டியின் பொறுப்பில் அந்த ஓபரா இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நகரங்களுக்குச் சென்றபோது இருக்கைகள் நிரம்பவில்லை. பெரும் இழப்பை அவரே ஏற்றார். இன்னொரு முறை ஏற்க அவர் ஆயத்தமாக இல்லை. அதன் விளைவாக 1947இல் பிரிட்டென், குரோசியர், ஓவியர் ஜான் பைப்பர் ஆகிய மூவரும் 'இங்கிலீஷ் ஓபரா குரூப்' என்னும் தனிக் குழுவைத் தோற்றுவித்தனர். தம் படைப்புகளோடு, பிற இசையாசிரியர்களையும் புதிய ஓபராக்கள் எழுதத் தூண்டுவது அதன் நோக்கமாக அறிவிக்கப்பட்டது. இந்நோக்கத்தை நினைவில் கொள்ள வேண்டும். பின்னால் இதுவே கேள்வியாக எழுகிறது.

குழுவின் முதற் புதுப்படைப்பு, மாப்பசானின் சிறுகதையைச் சஃபோக் கிராமத்துக்கு மாற்றிக் குரோசியர் எழுதிய 'ஆல்பர்ட் ஹெரிங்' என்னும் நகைச்சுவை ஓபரா. ஊரில் ஒழுக்கமுள்ள கன்னி எவளும் அகப்படாமையால் காய்கறிக் கடைப் பையனை 'மே மாத ராஜா' ஆக்கும் கதை. கிளைண்ட்போர்னில் இடத்தை மட்டும் பயன்படுத்திக்கொண்டு 1947 ஜூன் 20இல் அரங்கேற்றினர். கிறிஸ்டிக்கு அது சற்றும் பிடிக்கவில்லை. அக்கோடையில் குழு ஹாலந்துக்கும் சுவிட்சர்லாந்துக்கும் சென்றது. அரங்குகள் நிரம்பி வழிந்தன. பிரிட்டிஷ் கவுன்சிலும் உதவியது. அப்படியிருந்தும், நாற்பது பேரையும் காட்சித் தட்டிகளையும் ஏற்றிச் சென்ற செலவால், பன்னிரண்டு நிகழ்ச்சிகளில் குறைந்தது 3,000 பவுன் நட்டம் வரும் என்று குரோசியர் கணக்கிட்டார். சொந்த நாட்டில் ஆதரவில்லாத ஓபராவுக்கு வேற்று நாட்டில் புகழ் தேடி நட்டப்படுவது என்ன நியாயம் என்ற பேச்சு வழியில் எழுந்தது. நம் ஊரிலேயே நண்பர்களைக் கொண்டு ஒரு சிறு விழா நடத்தினால் என்ன என்று அப்போது கேட்டவர் பீட்டர் பியர்ஸ்.

'நம் ஊர்' என்றது ஆல்ட்பரோ. வட கடலோரம், மீன்பிடி படகுகள் மணலில் ஏற்றி நிறுத்தப்படும் சிற்றூர். 1948 ஜூனில் முதல் விழா நடந்தது. விக்டோரியா மகாராணியின் பொன்விழா நினைவாகக் கட்டப்பட்ட ஜூபிலி மண்டபமே ஓபரா அரங்கம். முந்நூறு பேர் அளவில் அமரலாம். நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் அங்கு வந்து உரையாற்றினார். 'எ பாசேஜ் டு இந்தியா' எழுதிய அதே ஃபார்ஸ்டர்தாம்.

அடுத்த ஆண்டு, 1949 ஜூன் 14இல், அம்மண்டபத்தில் நடந்ததே இக்குழுவின் வரலாற்றில் மிகுந்த சுவையுடைய பகுதி. அதன் பெயரே 'ஓர் ஓபரா செய்வோம்' என்பதாகும். முற்பாதி வெறும் உரையாடல் நாடகம். ஓர் ஊரில் பெரியவர்களும் குழந்தைகளும் கூடி, கேள்விப்பட்ட பழங்கதையொன்றை ஓபராவாக்க முனைகின்றனர். கதை பிரிக்கின்றனர், ஒத்திகை பார்க்கின்றனர். அவ்வேளையில் நடத்துநர் அவையோரின் பக்கம் திரும்பி, பிற்பாதியில் அவர்கள் பாட வேண்டிய நான்கு பாடல்களைக் கற்பிக்கிறார். சீட்டு வாங்கி வந்தவர்களே கூட்டுப் பாடகராகிவிடுகின்றனர். அவர்களுக்குச் சம்பளம் இல்லை என்பதும் கவனத்துக்குரியது! நான்கும் எளிய பாடல்கள் அல்ல. ஒன்று ஐந்தைந்தாக எண்ணும் தாளத்தில் அமைந்தது. மற்றொன்றில் அவையோர் நான்கு பகுதியாகப் பிரிந்து ஆந்தை, நாரை, புறா, குருவி எனப் பறவைகளாக ஒலிக்க வேண்டும்.

பிற்பாதியான 'சின்னப் புகைக்கூண்டுக்காரன்' வறுமையால் விற்கப்பட்ட சிறுவன் சாமின் கதை. 1810ஆம் ஆண்டு. சாம் புகைக்கூண்டுக்குள் ஏற்றப்பட்டுச் சிக்கிக்கொள்கிறான். வீட்டுக் குழந்தைகள் அவனை இழுத்து மீட்டு, குளிப்பாட்டி, பொம்மை அலமாரியில் ஒளித்து வைத்து, இறுதியில் பெட்டிக்குள் வைத்து வெளியே கடத்துகின்றனர். இத்தகைய சிறுவர் வேலை இங்கிலாந்தில் 1875ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் உண்மையில் ஒடுங்கியது. வாத்தியங்களோ வில்வாத்தியக்காரர் நால்வர், ஒரே பியானோவில் இருவர், தாளக்காரர் ஒருவர். இதைவிடச் சிறிதாக்க இயலாது எனத் தோன்றும். ஆனால் சிறுவனைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு மேடையிலிருந்து இறங்கி அவை முழுவதையும் பற்றிக்கொள்கிறதே, அதற்கு எண்பது பேர் கொண்ட இசைக்குழு ஈடாகுமா?

இவ்வழியின் நீட்சியே 1958இல் ஆர்ஃபோர்டு ஊர்த் தேவாலயத்தில் நடந்த 'நோவாவின் வெள்ளம்'. தேர்ந்த பாடகர் சிலர். மற்றவரெல்லாம் பள்ளிக் குழந்தைகள். முதல் மழைத்துளிகள் விழும் ஒலி வேண்டியிருந்தது. இம்மோஜென் ஹோல்ஸ்ட் பிரிட்டெனை இரும்புச் சாமான் கடைக்கு அழைத்துச் சென்று, கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட தேநீர்க் குவளைகளைத் தட்டிக் காட்டினார். ஓபராவில் மழை அக்குவளைகளால்தான் பெய்கிறது. இம்மோஜென், 'சாவித்திரி' இயற்றிய குஸ்தவ் ஹோல்ஸ்டின் மகள். 1952 முதல் ஆல்ட்பரோவில் பிரிட்டெனுக்கு உதவியாளராக இருந்தவர்.

இடையில், 1954 செப்டம்பரில் வெனிஸ் நகரில் அரங்கேறிய 'திருகின் சுற்று' பாடகர் அறுவரையும் வாத்தியக்காரர் பதின்மூவரையும் கொண்டே அச்சத்தை எழுப்பியது. பாடல் யாத்த மைஃபான்வி, ஓவியர் பைப்பரின் மனைவி. சிறுவன் மைல்ஸாகப் பாடிய பன்னிரண்டு வயது டேவிட் ஹெம்மிங்ஸ் பின்னாளில் திரைப்பட நடிகராகப் புகழ் பெற்றார்.

1956 பிப்ரவரியில் டோக்கியோவில் பிரிட்டென் 'சுமிதகாவா' என்னும் நோ நாடகத்தைக் கண்டார். காணாமற்போன மகனைத் தேடிப் பித்தேறிய தாய், ஆற்றைக் கடக்கும்போது, அக்கரையில் மக்கள் வணங்கும் கல்லறை தன் மகனுடையதே என அறிகிறாள். எட்டாண்டுகள் உள்ளத்தில் ஊறிய பின் அது 1964இல் 'கர்ல்யூ ஆறு' என்னும் படைப்பாயிற்று. ஆடவர் மட்டுமே பாடுவர், வாத்தியக்காரர் எழுவர், நடத்துநரே இல்லை. ஒருவர் தம் வரியை முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்து சேர வேண்டிய இடத்தைக் காட்ட ஒரு புதிய குறியீட்டையே பிரிட்டென் வகுத்தார். நாகஸ்வரக்காரரின் மூச்சைப் பார்த்துத் தவில்காரர் கைவைப்பதைக் கண்டவர்கள் இதில் வியப்படைய மாட்டார்கள். பெரிய அரங்கில் தடியசைப்பவரின்றி இது நடவாது. சிறிய குழுவில்தான் இயலும்.

இத்துணைச் சிறப்புக்கும் மறுபக்கம் ஒன்றுண்டு. சிறிய குழுவில் ஒருவர் மனம் கோணினால் மறைய இடமில்லை. குழுவைத் தொடங்கிய மூவரில் ஒருவரான குரோசியர் பிற்காலத்தில் விலகினார். கசப்போடு எழுதியும் வைத்தார். பிற ஆசிரியரின் ஓபராக்கள் என்ற தொடக்க நோக்கமும் முழுமையாகக் கைவிடப்படவில்லை எனினும் பின்தங்கியது. லெனாக்ஸ் பெர்க்லியின் 'விருந்து அழைப்பு' 1954இலும், வில்லியம் வால்ட்டனின் 'கரடி' 1967இலும் ஜூபிலி மண்டபத்திலேயே அரங்கேறின. நல்ல படைப்புகள்தாம், ஆயினும் குழு என்றதும் உலகம் நினைத்தது ஒரே பெயரைத்தான். ஒருவரின் ஆற்றலால் நிற்கும் வீட்டில் மற்றவர் விருந்தினராகவே இருக்க நேர்வது இயல்பு என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் அறிவித்த நோக்கம் அதுவன்று.

1968 ஜூனில் அதே மண்டபத்தில் ஹாரிசன் பர்ட்விசிலின் 'பஞ்ச் அண்டு ஜூடி' அரங்கேறியது. பொம்மலாட்டக் கொலைகாரனைக் கொண்டு எழுதப்பட்ட, காதைக் கிழிக்கும் இசையுடைய படைப்பு. பாடகர் அறுவர்; வாத்தியக்காரர் பதினைவர். பிரிட்டென் பாதியிலேயே எழுந்து வெளியேறினார் என்று பலர் சொல்லியிருக்கின்றனர். இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் சாட்லர்ஸ் வெல்ஸில் இசை புரியவில்லை என்று முணுமுணுத்தோரை நினையாமல் இச்செய்தியைப் படிக்க இயலாது. ஆயினும் அதை எழுதுமாறு கேட்டதும், மேடையேற்றப் பொருள் செலவிட்டதும் அவர் தொடங்கிய குழுவேதான்.

குழுவின் நிருவாகம் 1961இலேயே லண்டன் கவென்ட் கார்டன் அரங்கின் கைக்கு மாறியிருந்தது. 1967இல் ஸ்னேப் என்னும் இடத்து மதுவாலை ஊறல் களஞ்சியம் பெரிய இசை அரங்கமாக்கப்பட்டது; 1969இல் எரிந்தது; மறு ஆண்டே எழுந்தது. 1975இல் குழு 'இங்கிலீஷ் மியூசிக் தியேட்டர்' எனப் பெயர் மாறியது. மறு ஆண்டு டிசம்பரில் பிரிட்டென் காலமானார். 1978இல் பொருள் முடையால் நிகழ்ச்சிகள் நின்றன. குவளைகளும் கைமணிகளும் பள்ளிக்கூடங்களில் இன்றும் 'நோவாவின் வெள்ள'த்துக்காகக் கட்டித் தொங்கவிடப்படுகின்றன.