சேதுவழியின் நிதானம்

தம்பதியராகச் சென்று, ஓர் ஊரில் சில நாள் தங்கி, அதன் கலையையும் உணவையும் ஆற அமர அறிந்து திரும்புவதை இன்று புதிய சுற்றுலா முறையாகச் சொல்கிறார்கள். சேதுச்சீமைக்கு இது புதிதன்று. கணவனும் மனைவியும் சேதுக்கடலில் சேர்ந்து நீராடி, மணலெடுத்துச் சென்று கங்கையில் இட்டு, கங்கைநீருடன் திரும்பி இராமநாதரை நீராட்டுவது காசியாத்திரை மரபு. இருப்புப்பாதை வருமுன்னர் அது மாதக்கணக்கில் நீண்ட நடைப்பயணம்.

அந்த நடையைத் தாங்கியவை சத்திரங்களும் மடங்களும். சேதுவைக் காப்பவர் என்ற பொருளில் பட்டம் தாங்கிய சேதுபதி மன்னர்கள், யாத்திரிகர் தங்கவும் உண்ணவும் வழிநெடுக அறக்கட்டளைகள் நிறுவினர். அக்காள்மடம், தங்கச்சிமடம் என்னும் ஊர்ப்பெயர்களே அதற்குச் சான்று. நாம் இன்று பேருந்துச் சன்னலில் கடந்துபோகும் பெயர்ப்பலகைகள் ஒருகாலத்தில் இளைப்பாறும் இடங்களாக இருந்தவை.

வழி படிப்படியாகக் குறுகியது. 1897 சனவரி 26-இல் யாழ்ப்பாணத்திலிருந்து கடல்வழி வந்த விவேகானந்தரைப் பாம்பனில் பாஸ்கர சேதுபதி வரவேற்றார். 1911-இல் வங்கத்திலிருந்து சாரதா தேவியார் இராமேசுவரம் வந்தபோதும் பாம்பன் கால்வாயை நீர்வழியேதான் கடக்க வேண்டும். 1914-இல் இரயில் பாலம் திறக்கப்பட்டது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1988-இல் சாலைப் பாலமும், 2025-இல் புதிய இரயில் பாலமும் வந்தன. இந்த வசதிகளை யாரும் குறைகூற இயலாது. ஆயினும் காலையில் வந்து, இருபத்திரண்டு தீர்த்தங்களில் நனைந்து, அரிச்சல்முனையில் படமெடுத்து, இரவே திரும்பும் பயணத்தில் சேதுச்சீமை என்ற நிலப்பகுதியே காணாமற்போகிறது.

காணாமற்போவது எது? இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி எழுப்பிய இராமலிங்க விலாசம் ஒன்று. அதன் சுவரோவியங்களில் இராமகாதையும் மராட்டியருடனான போரும் மட்டுமன்றி, மன்னரின் அந்தப்புர வாழ்வும் தீட்டப்பட்டுள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசவாழ்வு எவ்வாறு தன்னைப் பார்த்துக்கொண்டது என்பதை அறிய, அங்கே அரைநாளாவது நிற்க வேண்டும். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்கள் மற்றொன்று.

கீழக்கரை இன்னொரு வரலாறு. கடல்வணிகத்தில் செழித்த இம்முஸ்லிம் ஊரின் பழைய பள்ளிவாசல் திராவிடக் கட்டடக்கலைத் தூண்களுடன் நிற்கிறது. அவ்வூரின் தொதல், அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து, அடிபிடிக்காமல் மணிக்கணக்கில் கிண்டப்படும் இனிப்பு. இதே பண்டம் இலங்கையிலும் மலாய் நாடுகளிலும் ஏறக்குறைய இதே பெயரில் வழங்குகிறது. ஏடுகளில் இல்லாத கடல்வழித் தொடர்பை ஒரு வாய் இனிப்பு சொல்லிவிடுகிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாயும், பனையின் பதநீரும் நுங்கும் இந்த வறண்ட மண்ணின் பிற சுவைகள்.

சத்திரங்கள் இருந்தவரை, தங்கியவர்களால் ஊர்களும் அறியப்பட்டன. தங்குவோர் இல்லாதபோது அவ்வூர்களின் வரலாறும் கேட்பாரற்றுப்போகும். இராமேசுவரம் செல்லும் தம்பதியர் கூடுதலாக இரண்டு நாளை இராமநாதபுரத்துக்கும் கீழக்கரைக்கும் ஒதுக்குவார்களாயின், முன்னோர் வகுத்த பயணத்தில் ஒரு பகுதியையேனும் அவர்கள் நிறைவேற்றியவராவர்.