பினாங்கு வீதியில் நம்மவர் பெயர்

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில், பிரிட்டிஷ் பிரதமர் வில்லியம் பிட்டின் பெயரால் பிட் தெரு என வழங்கிய வீதி, இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் எனப்படுகிறது. நம் ஊர்களிலிருந்து சென்றோர் பலர் அவ்வீதியில் நடந்திருப்பர். அந்தக் கப்பித்தான் யாரென நாம் கேட்டதுண்டா?

அவர் காதிர் முகைதீன் என்னும் தமிழ் முஸ்லிம் வணிகர். 1786இல் ஆங்கிலேயர் அத்தீவில் துறைமுகம் அமைத்தபின், சோழமண்டலக் கரையின் மரைக்காயர்கள் திரளாகச் சென்று வணிகம் வளர்த்தனர். சூலியர் எனப்பட்ட அவர்களுக்குத் தலைவராக, கப்பித்தானாக, கும்பினியார் இவரை ஏற்றனர். 1801இல் கும்பினி வழங்கிய நிலத்தில் இவர் முயற்சியால் பள்ளிவாசல் எழுந்தது. பின்னர் விரிவாக்கப்பட்ட அப்பள்ளி இன்றும் தொழுகையால் நிறைகிறது. அருகிலேயே சூலியா தெருவும் உண்டு.

‘கிளிங்’ என்பது கலிங்க நாட்டுப் பெயரிலிருந்து பிறந்த சொல் என்பர். தென்னிந்தியரைக் குறித்த அச்சொல் பிற்காலத்தில் இழிசொல்லாகி நம் மக்களின் மனத்தைப் புண்படுத்தியது. ஆயினும் பள்ளிவாசலின் பெயரில் அது தலைமையின் பட்டமாகவே நிற்கிறது. வரலாறறிந்தவர் அதைக் கண்டு நாணமாட்டார். அறியாதவரோ வசையென்றே எண்ணிக் கடந்துபோவர்.

நம் வீடுகளின் பழைய பெட்டிகளில் பினாங்குக் கடிதங்களும் கணக்கேடுகளும் கிடக்கின்றன. செல்லரிக்குமுன் அவற்றை எடுத்துப் படிப்போம். பெரியவர்கள் சொல்வதை எழுதி வைப்போம். அது நம் பிள்ளைகளுக்கு நாம் செலுத்த வேண்டிய அமானிதம்.