யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வியும் தமிழ்வழி மருத்துவமும் (1823–1884)

ஆங்கிலவழிக் கல்வியால் தாய்மொழி நலிந்தது என்பது பலராலும் ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்து. அந்நலிவு எவ்வழியில் நேர்ந்தது என்பதோ போதிய அளவு ஆராயப்படுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணம் இவ்வினாவிற்கு நல்ல சான்றாகும். ஆங்கிலவழி உயர்கல்வியும் தமிழ்வழி உயர்கல்வியும் அங்கே ஒரே மிசனைச் சார்ந்தோரால் முயன்று பார்க்கப்பட்டன.

அமெரிக்க மிசன் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவியது. டானியல் பூவர் அதன் முதல் தலைவர். கணிதம், வானியல் முதலியன ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோதும் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றிருந்தன. 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை இங்குப் பயின்றவரே. எனவே வகுப்பறையில் ஆங்கிலம் புகுந்தமை ஒன்றையே தமிழின் நலிவுக்குக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது.

காரணம் வகுப்பறைக்கு வெளியே இருந்தது. 1833ஆம் ஆண்டின் கோல்புறூக் சீர்திருத்தங்களுக்குப் பின் ஆங்கிலமே அரசுப் பணிக்கு வாயிலாயிற்று. கற்றவர்கள் சமயப்பணியை விடுத்து அரசு அலுவலை நாடினர். இதனைக் குறையாகக் கண்ட ரூபஸ் அண்டர்சன் தாய்மொழிக் கல்வியை வலியுறுத்தினார். 1855இல் செமினரி மூடப்பட்டது. தாய்மொழியின்பால் கொண்ட பற்றைவிட மிசனின் தேவையே இம்முடிவுக்கு அடிப்படை என்பது என் கருத்து.

மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் முயற்சி இதனினும் ஆழமானது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், அடுத்த ஆண்டு ஆங்கிலத்தில் மருத்துவம் பயிற்றத் தொடங்கினார். பயின்றவர்கள் ஊரில் தங்காது அரசுப் பணிக்குச் செல்வதைக் கண்டு, 1864இல் மானிப்பாயில் பயிற்றுமொழியைத் தமிழாக மாற்றினார். கலைச்சொல்லாக்கத்தில் அவர் ஒரு வரிசைமுறையைக் கையாண்டார்: வழக்கிலுள்ள தமிழ்ச் சொல் முதலில், அது கிடைக்காதவிடத்து வடசொல், அதுவும் பொருந்தாதவிடத்து ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம். ‘கெமிஸ்தம்’ என்னும் நூற்பெயர் மூன்றாம் வகைக்கு எடுத்துக்காட்டு. இன்றைய காதுக்கு அது விந்தையாக ஒலிக்கலாம். ஆயின் தூய்மையைவிட மாணவனுக்கு விளங்குதலே அவருக்கு முதன்மையாயிருந்தது. ‘இரண வைத்தியம்’ 1867இலும் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் வெளிவந்தன. உடற்கூற்றியலையும் அறுவை மருத்துவத்தையும் தமிழில் கற்பிக்க இயலுமா என்னும் ஐயம் அன்றே நீங்கியிருந்தது.

எனினும் இந்நூல்கள் கற்றவனுக்குப் பதவியைத் தரவில்லை. 1870இல் கொழும்பில் தொடங்கப்பெற்ற அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் பயிற்றியது. அரசு மருத்துவப் பணிக்கு வழி அதுவே. ‘மனுஷ அங்காதிபாதம்’ வெளிவந்த அதே 1872இல், ஆங்கிலக் கல்வியை வேண்டி நின்ற உள்ளூர்த் தமிழ்க் கிறித்தவர்களின் முயற்சியால் வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அவர்களைத் தமிழ்ப்பற்றற்றோர் எனப் பழித்தல் முறையன்று. தம் மக்களின் பிழைப்பை எண்ணிய பெற்றோருக்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

1873இல் தாயகம் திரும்பிய கிறீன், உவூஸ்டர் நகரிலிருந்தபடியே தமிழ் மருத்துவ நூற்பணியைத் தொடர்ந்தார். ‘மனுஷ சுகரணம்’ 1883இல், அவர் மறைவுக்கு ஓராண்டு முன்னர், வெளிவந்தது. அந்நூலைத் தமிழில் கற்றுத் தேர்ந்தவனை ஏற்கும் பணியிடம் எதனையும் இலங்கை அரசு வகுத்திருக்கவில்லை.