இட ஒதுக்கீடும் பள்ளி வாசலும்

அரசுப் பணியில் திருநங்கையரும் திருநம்பியரும் உரிமை பெற்ற வரலாறு, ஆசிரியரும் பெற்றோரும் அறியத்தக்கது.

2008-ஆம் ஆண்டு தமிழக அரசு திருநங்கையர் நல வாரியத்தை அமைத்தது. 2014 ஏப்ரல் 15 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்று, கல்வியிலும் அரசு வேலையிலும் அவர்களுக்கு இட ஒதுக்கீடு வழங்குமாறு பணித்தது. அதன் பின்னரும் விண்ணப்பப் பாரத்தில் ஆண், பெண் என்னும் இரண்டு கட்டங்களே இருந்தன. காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்த பிரித்திகா யாசினி நிராகரிக்கப்பட்டார். அவர் வழக்காடி, 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றார்; 2017-இல் தருமபுரியில் பணியேற்றார். அப்பணிக்குப் பட்டப்படிப்பு அடிப்படைத் தகுதி. அஃது அவரிடம் இருந்தது.

பட்டம் இல்லாதோர் நிலை என்ன? 2021-இல் கருநாடக அரசு, நேரடி நியமனங்களில் ஒவ்வொரு பிரிவிலும் 1 விழுக்காட்டை ஒதுக்கியது. இடம் இருந்தாலும், அதற்குரிய கல்வித் தகுதி வேண்டுமன்றோ? அதே ஆண்டு அர்ஜென்டினா இயற்றிய சட்டம் இதற்கும் வழி கண்டது. அங்கும் ஒதுக்கீடு குறைந்தது 1 விழுக்காடு. ஆனால், படிப்பை முடிக்காதவரையும், பின்னர் முடிக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு பணியில் சேர்க்கலாம். ஏளனத்தாலும் புறக்கணிப்பாலும் பலர் பள்ளியை இடையிலேயே விட்டனர் என்பதை அச்சட்டம் உணர்ந்திருந்தது.

மலேசியாவில் இத்தகைய ஒதுக்கீட்டுச் சட்டம் இல்லை. எனினும், நடையையும் குரலையும் காட்டி ஒரு மாணவனைச் சக மாணவர் நகைக்கும்போது அதனைத் தடுக்கச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பினாங்கிலுள்ள நம் வகுப்பறையிலேயே அதனைச் செய்யலாம். சிந்திப்போம்.